கடற்சரணாலய ஆலோசனைக் குழுவுக்கு மக்கட் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தல்

காட்டுப் பகுதி ஒன்றைச் சரணாலயமாக அறிவித்தால் அதன் எல்லையைக் கல் நட்டுக் காட்டலாம். பாதைகளில் காவற்சாவடி அமைக்கலாம். அத்துமீறி நுழைபவரைக் கால்தடத்தைக் கொண்டும் கண்டுபிடிக்கலாம். கடலில் இவை ஒன்றும் இயலா. நீரோட்டம் நில்லாது ஓடிக்கொண்டிருக்கிறது. மீனும் ஆமையும் எல்லைக் கோட்டை அறியா. இரவில் வலை விரிக்கும் படகோட்டிக்கும் அக்கோடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆதலால் கடற்சரணாலயம் ஒன்று உண்மையிலேயே பயன் தருவது, ரோந்துப் படகுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், அக்கடலில் தொழில் செய்வோர் அதன் விதிகளை நியாயமானவை என்று கருதி ஏற்று நடப்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

இவ்வுண்மையை உணர்ந்தே பல நாடுகளில் சரணாலய அதிகாரிகளுக்குத் துணையாக ஆலோசனைக் குழுக்கள் அமைக்கப்பட்டுள்ளன. விஞ்ஞானிகள், அரசாங்க இலாகாக்களின் அலுவலர்கள், தொண்டு நிறுவனத்தினர் ஆகியோருடன் கரையோர மக்களின் பிரதிநிதிகளும் இவற்றில் இடம் பெறுகின்றனர். விஞ்ஞானியையும் அலுவலரையும் தேர்ந்தெடுப்பது கடினமன்று. அவர்களுடைய பட்டமும் பதவியுமே தகுதியைக் காட்டிவிடும். மக்களின் பிரதிநிதி யார், அவரை எவ்வாறு கண்டறிவது என்பதே கடினமான வினா. அவ்வினாவுக்கு விடை காணும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழுவின் அதிகாரமும் அதன் எல்லையும்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆலோசனைக் குழு ஆலோசனை கூறுவதற்கே உரியது. தீர்மானம் செய்யும் அதிகாரம் அரசாங்கத்திடமும் அதன் அலுவலரிடமும் இருக்கிறது. குழுவில் ஏகமனதாக நிறைவேறிய யோசனையையும் அரசாங்கம் ஏற்காமலிருக்கலாம்.

அங்ஙனமாயின் குழுவில் இடம் பெறுவதால் பயன் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு கடற்பகுதி எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை மூடப்படும், எந்த வலைக்குத் தடை, எந்தப் படகுக்கு விலக்கு என்பவை அறிவிப்பாக வெளிவந்த பின்னர் அவற்றை மாற்றுவது எளிதன்று. நீதிமன்றம் செல்வதும் போராட்டம் நடத்துவதுமே அப்போது எஞ்சும் வழிகள். அறிவிப்பு உருவாகும் முன்னரே, வரைபடம் மேசைமீது விரிக்கப்பட்டிருக்கும் வேளையிலேயே, ‘இந்த இடத்தில்தான் எங்கள் சிறு படகுகள் காற்றுக்கு ஒதுங்கும்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருந்தால் பல குடும்பங்களின் பிழைப்பு காப்பாற்றப்படும். அத்தகையவர் இல்லாவிடின் அவ்வரைபடத்தில் அவ்விடம் வெறும் நீலநிறமாகவே காணப்படும்.

நமது சட்டம் கூறுவது

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் சரணாலயங்கள் அறிவிக்கப்படுகின்றன. 2002 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதில் 33-பி என்னும் பிரிவைச் சேர்த்தது. சரணாலயத்துக்கு மாநில அரசாங்கம் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று அப்பிரிவு விதிக்கிறது. தலைமை வனவிலங்குக் காப்பாளர், அல்லது வனப் பாதுகாவலர் பதவிக்குக் குறையாத அவருடைய நியமனர் தலைமை வகிப்பார். சரணாலயம் அமைந்துள்ள தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் ஒருவர், பஞ்சாயத்து ராஜ் அமைப்புகளின் பிரதிநிதிகள் 3 பேர், தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள் 2 பேர், வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள தனிநபர்கள் 3 பேர், உள்துறை, கால்நடை மருத்துவம் ஆகிய இரு இலாகாக்களின் சார்பில் ஒவ்வொருவர், கௌரவ வனவிலங்குக் காப்பாளர் இருப்பின் அவர், இவர்களுடன் சரணாலயத்துக்குப் பொறுப்பான அலுவலர் அங்கத்தினர்-செயலாளராகவும் இருப்பர். சரணாலயத்தைச் செவ்வனே பாதுகாப்பதற்கும் நிர்வகிப்பதற்கும் உரிய நடவடிக்கைகளைப் பற்றியும், அதன் உள்ளும் சுற்றிலும் வாழும் மக்கள் அதில் பங்கு பெறுவதைப் பற்றியும் ஆலோசனை கூறுவது இக்குழுவின் கடமை.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் அது பெரும்பாலும் நிலத்தையும் காட்டையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது என்பது புலனாகும். கால்நடை மருத்துவ இலாகாவுக்கு ஓரிடம் உண்டு. காட்டோரக் கிராமங்களின் மாடுகளிலிருந்து வனவிலங்குகளுக்கு நோய் பரவக்கூடுமாதலின் அது பொருத்தமே. மீன்வள இலாகாவுக்கோ மீனவருக்கோ தனியிடம் குறிப்பிடப்படவில்லை. எனினும் கடலைச் சட்டம் அடியோடு மறந்துவிடவில்லை. பிராந்தியக் கடற்பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது, மத்திய அரசாங்கத்தின் தலைமைக் கடற்படை நீர்ப்பரப்பு ஆய்வாளரைக் கலந்தும், உள்ளூர் மீனவரின் தொழில் நலன்களைப் பாதுகாக்கப் போதிய நடவடிக்கைகளை எடுத்த பின்னருமே எல்லையை வரையறுக்க வேண்டும் என்று 26-ஏ பிரிவு கூறுகிறது.

இவ்விரண்டு பிரிவுகளையும் ஒருங்கே படிக்கும்போது களப் பணியாளருக்கு ஒரு பொறுப்பு தென்படும். மீனவரின் தொழில் நலனைக் காக்க வேண்டும் என்று ஒரு பிரிவு கூறுகிறது. அந்நலன் இன்னதென்று எடுத்துரைப்பவருக்கு மற்றொரு பிரிவில் தனியிடம் இல்லை. பஞ்சாயத்துப் பிரதிநிதிகள் மூவர், தொண்டு நிறுவனத்தினர் இருவர், தனிநபர் மூவர் என்னும் இந்த 8 இடங்களுக்குள்ளேயே கடல் மக்களுக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

வசிப்பிடமா, தொழிலா? கஹிர்மாதாவின் உதாரணம்

ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாரா மாவட்டக் கரையில் உள்ள கஹிர்மாதா, 1997 ஆம் ஆண்டில் கடற்சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 1,435 சதுர கிலோமீட்டர். அதில் மிகப் பெரும் பகுதி நீர்ப்பரப்பேயாகும். ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் இலட்சக்கணக்கில் ஒரே காலத்தில் கரையேறி முட்டையிடும் இடங்களில் இது உலகப் புகழ் பெற்றது. இங்கு நிகழும் இந்தப் பெருங்கூட்ட முட்டையிடல் 1974 ஆம் ஆண்டில்தான் விஞ்ஞான உலகின் கவனத்துக்கு வந்தது.

குளிர்காலத் தொடக்கத்தில் இவ்வாமைகள் கரைக்கு அருகில் கூடி இணைகின்றன. ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் பிராணியாதலின் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுவிட வேண்டும். விசைப்படகின் இழுவை வலையில் நெடுநேரம் சிக்கிக்கொண்டால் அது நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். இதனால் நவம்பர் முதல் மே வரை ஆமைகள் கூடும் கடற்பகுதிகளில் மீன்பிடித்தலுக்குத் தடை விதிக்கப்பட்டு வருகிறது. தடையின் விஞ்ஞான அடிப்படையில் ஐயம் எதுவும் இல்லை.

எனினும் இத்தடை எல்லோரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. விசைப்படகின் சொந்தக்காரர் வேறு துறைமுகத்துக்குப் படகைக் கொண்டு செல்ல முடியும். அப்படகில் கூலிக்குச் செல்பவருக்குப் படகு செல்லும் இடத்தில்தான் வேலை; சொந்த ஊரில் இல்லை. கரையை ஒட்டிச் சிறு படகில் செவுள் வலை விரிப்பவருக்கு வேறு கடலுக்குப் போகும் வசதியே இல்லை. கடல் அமைதியாயிருந்து அவருக்கு வருவாய் தரும் மாதங்களும் தடை மாதங்களும் பெரிதும் ஒன்றாகவே இருக்கின்றன. மீனை வாங்கி உலர்த்திச் சந்தையில் விற்கும் பெண்களுக்குத் தடையால் இழப்பு உண்டாயினும், படகு இல்லாமையால் அவர்கள் கணக்கில் சேர்க்கப்படுவது அரிது. விதி ஒன்று, விளைவோ நான்கு.

பஞ்சாயத்துப் பிரதிநிதி ஒருவர் இந்நான்கு பேருக்காகவும் பேச முடியுமா? அவர் வசிப்பிடத்தின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆற்றுக் கழிமுகப் பகுதியான இம்மாவட்டத்தில் நெல் விளைவிக்கும் கிராமங்களும் பல உள்ளன. உழவர் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவராக வருவது இயல்பே. அவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் எந்த ஆழத்தில் எந்த வலை ஆமையைச் சிக்கவைக்கும் என்று அவரைக் கேட்பதில் பொருளில்லை. மேலும், இக்கடலுக்கு வரும் விசைப்படகுகளில் பல ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் பாரதீப், பத்ரக் மாவட்டத்தின் தாம்ரா ஆகிய துறைமுகங்களைச் சேர்ந்தவை. சரணாலயத்தை ஒட்டிய பஞ்சாயத்துகளை மட்டும் கலந்துகொண்டால் அவர்கள் முற்றிலும் விடுபட்டுப் போவர். விதியை மீறக்கூடிய வலிமை உடையவரும் அவரே என்பதை மறத்தலாகாது.

மகாராஷ்டிரத்தின் மால்வன் கடற்சரணாலயமும் இங்கே நினைக்கத்தக்கது. 1987 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 29.12 சதுர கிலோமீட்டரே. கஹிர்மாதாவின் ஐம்பதில் ஒரு பங்கு எனலாம். பரப்பு சிறிதாயினும் எதிர்ப்பு சிறிதாக இருக்கவில்லை. தங்களைக் கலந்து ஆலோசியாமல் தங்கள் கடலில் கோடு வரையப்பட்டது என்பதே உள்ளூர் மீனவரின் நெடுநாளைய குறை. பரப்பைக் குறைத்தால் எதிர்ப்பும் குறையும் என்று எண்ணுவது சரியன்று என்பதை இது காட்டுகிறது.

இடத்தை முதலில் வரையறுத்தல்: அமெரிக்க முறை

ஐக்கிய அமெரிக்காவில் தேசியக் கடற்சரணாலயச் சட்டத்தின் 315 ஆம் பிரிவு ஆலோசனைக் குழுக்களுக்கு வழி செய்கிறது. உள்ளூர்க் கடலைப் பயன்படுத்தும் பிரிவினர், பாதுகாப்பு அமைப்புகள், விஞ்ஞான, கல்வி நிறுவனங்கள், அரசாங்க இலாகாக்கள் முதலியவற்றிலிருந்து அங்கத்தினர்கள் நியமிக்கப்படலாம். 1992 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் தேதிக்குப் பின் அமைந்த சரணாலயங்களில் அங்கத்தினர் எண்ணிக்கை 15-க்கு மேற்படலாகாது. கூட்டங்கள் பொதுமக்கள் காண நடைபெற வேண்டும். முன்கூட்டியே உள்ளூரில் அறிவிக்கப்பட வேண்டும். பார்வையாளரும் வாய்மொழியாகவோ எழுத்து மூலமோ தம் கருத்தைத் தெரிவிக்கலாம். நடவடிக்கைக் குறிப்பும் எழுதிவைக்கப்பட வேண்டும்.

இம்முறையின் சிறப்பு, ஆளைத் தேடும் முன் இடத்தை வரையறுப்பதில் இருக்கிறது. இன்ன தொழிலுக்கு ஓரிடம், இன்ன பகுதி மக்களுக்கு ஓரிடம் என்று முதலில் பட்டியல் செய்கிறார்கள். பின்னரே அவ்விடத்துக்கு விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன. விண்ணப்பிப்பவரிடம் நான்கு செய்திகள் நோக்கப்படுவது வழக்கம். அவ்விடத்துக்குரிய துறையில் அவருடைய அறிவும் அனுபவமும்; ஊரிலும் தொழிலிலும் அவருக்குள்ள தொடர்புகள்; கடல்வளப் பாதுகாப்பைப் பற்றி அவர் கொண்டுள்ள கருத்து; அப்பகுதியில் அவர் எத்தனை காலமாக வசித்து வருகிறார் என்பது. ஒவ்வோர் இடத்துக்கும் மாற்று அங்கத்தினர் ஒருவரையும் நியமிப்பது பல குழுக்களில் வழக்கமாக உள்ளது. பதவிக் காலம் பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டுகள், ஊதியம் கிடையாது.

புளோரிடா மாநிலத்தின் கீஸ் தீவுகளைச் சூழ்ந்த சரணாலயத்தில் இவ்வரையறை எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். ‘மீன்பிடித் தொழில்’ என்று பொதுவாக ஓரிடம் அளித்து அவர்கள் நின்றுவிடவில்லை. இறால், நண்டு போன்ற ஓட்டுயிர்களையும் உணவு மீன்களையும் பிடிப்போருக்கு ஓரிடம். அலங்காரத் தொட்டிகளுக்காக உயிருள்ள வண்ண மீன்களைப் பிடிப்போருக்கு வேறோர் இடம். பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிடுவோருக்கு மற்றோர் இடம் எனப் பிரித்தனர். பொதுமக்களின் இடங்களையும் மேல், நடு, கீழ்த் தீவுகள் என்று பகுதிவாரியாக அமைத்தனர். தொழிலும் வசிப்பிடமும் ஆகிய இரண்டுக்கும் இதில் இடம் கிடைத்தது.

இம்முறையிலும் குறையுண்டு. விண்ணப்பங்களைப் பரிசீலித்து நியமிப்பவர் சரணாலய நிர்வாகத்தினரே. தொழில் செய்வோர் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், பகலில் கூட்டத்துக்கு வர ஓய்வுள்ளவர், ஊதியமின்றி உழைக்க வசதியுள்ளவர் ஆகியோர் முன்னே வருவதும் எளிய உழைப்பாளி பின்தங்குவதும் நிகழக்கூடும். ஆகவே இதனை நாம் அப்படியே மேற்கொள்ள வேண்டுவதில்லை. இடத்தை வரையறுத்த பின்னரே ஆளைத் தேடுதல் என்னும் ஒழுங்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இரு குழுக்களின் அனுபவம்

எல்லாப் பிரிவினருக்கும் இடம் அளித்துவிட்டால் உடன்பாடு தானே வந்துவிடுமா? அமெரிக்காவிலேயே நிகழ்ந்த இரு அனுபவங்கள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன.

முதலாவது, புளோரிடாவின் கீஸ் தீவுகளின் மேற்குக் கோடியிலுள்ள டார்ட்டுகாஸ் பகுதியைப் பற்றியது. 1990 களின் நடுவில் கீஸ் சரணாலயத் திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. 1996 ஆம் ஆண்டில் மன்றோ மாவட்டத்தில் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் அதற்கு எதிராக வாக்களித்தனர். டார்ட்டுகாஸில் மீன்பிடித்தலை முற்றிலும் தவிர்க்கும் யோசனை ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 1998 ஆம் ஆண்டில் ஆலோசனைக் குழுவின் சார்பில் 25 பேர் கொண்ட பணிக்குழு அமைக்கப்பட்டது. தொழில்முறை மீனவர், தூண்டிற்காரர், மூழ்குநர், விஞ்ஞானிகள், பாதுகாப்பு அமைப்பினர், அரசாங்க அலுவலர் ஆகியோர் அதில் இருந்தனர். வரைபடத்தில் கோடு போடும் முன்னர், எதற்காகப் பாதுகாப்பு, எவற்றைக் கொண்டு இடத்தை மதிப்பிடுவது என்பவற்றில் அவர்கள் உடன்பாடு கண்டனர். எங்கே எவ்வளவு பிடிபடுகிறது என்னும் செய்தியை மீனவரே அளித்தனர். 1999 ஆம் ஆண்டில் குழு ஏகமனதான யோசனையை அளித்தது. 2001 ஆம் ஆண்டு ஜூலை முதல் 151 சதுர கடல் மைல், அதாவது ஏறத்தாழ 518 சதுர கிலோமீட்டர், பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. அதனுள் அடங்கிய ரைலி மேட்டில், அதிகப் பிடிப்பால் அருகிப்போயிருந்த சங்கரா இன மீன் ஒன்று இனப்பெருக்கத்துக்காக மீண்டும் கூட்டம் கூடுவதைப் பிற்காலத்தில் விஞ்ஞானிகள் கண்டனர்.

இரண்டாவது, கலிபோர்னியாவின் சானல் தீவுகளைப் பற்றியது. அங்கும் ஆலோசனைக் குழுவின் சார்பில் 1999 ஆம் ஆண்டில் 17 பேர் கொண்ட பணிக்குழு அமைந்தது. அங்கும் எல்லாத் தரப்பினரும் இடம் பெற்றனர். நோக்கங்களில் அவர்கள் உடன்பட்டனர். கடலில் 30 முதல் 50 சதவிகிதம் வரை ஒதுக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் குழு கூறிற்று. எவ்வளவு, எங்கே என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. 2001 ஆம் ஆண்டில் ஒரே வரைபடம் இன்றியே பணிக்குழு முடிவுற்றது. அதன்பின் முடிவெடுக்கும் பொறுப்பு மாநில அதிகாரிகளிடம் சென்றது; 2003 ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் நடைமுறைக்கு வந்தன.

இவ்விரு விளைவுகளும் வேறுபட்டமைக்குக் காரணம் ஒன்று மட்டுமன்று. டார்ட்டுகாஸ் கரையிலிருந்து மிகத் தொலைவிலுள்ளது. அங்கே செல்லும் படகுகள் குறைவு. யார் யார் செல்கிறார்கள் என்பதும் தெரியும். சானல் தீவுகளின் கடலில் பல்லாயிரம் பேர் தூண்டிலிடுகின்றனர். அவர்களுக்காக அமர்ந்த ஒருவர் ஓர் எல்லையை ஏற்றுக்கொண்டாலும் அவரை அனுப்பிய பல்லாயிரம் பேரும் ஏற்பர் என்பது உறுதியன்று. பிரதிநிதி ஒருவர் கூட்டத்தில் தலையசைப்பது வேறு. அவருடைய மக்கள் கரையில் அதனை ஏற்பது வேறு. இந்த இடைவெளியைக் குறைப்பதே தேர்வு முறையின் உயிர்நிலை. யாருக்காகப் பேசுகிறாரோ அவர்களிடம் சென்று கேட்டு, திரும்ப வந்து சொல்லக்கூடியவராகப் பிரதிநிதி இருத்தல் வேண்டும்.

படகு இல்லாதவரும் முதியோரும்

இடங்களை வரையறுக்கும்போது கண்ணுக்கு எளிதில் புலப்படாத இரு பிரிவினரைத் தனியே நினைவிற்கொள்ள வேண்டும்.

முதற்பிரிவினர் பெண்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு இராமநாதபுரம் கரையைச் சேர்ந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக மூழ்கிக் கடற்பாசி சேகரித்து வந்திருக்கின்றனர். படகு உரிமையாளர் சங்கத்தில் பெயர்ப்பட்டியல் கேட்டால் இவர்கள் பெயர் வராது. ஆயினும் பாசி மீண்டும் வளர்வதற்கு இடம் விட்டு, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே சேகரிப்பது என்று தமக்குள் கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள் இவர்களே. பாதுகாப்பு விதியைத் தாமே வகுக்க வல்லவர்களைக் குழுவுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர்களுக்கு விதி வகுப்பது பொருந்தாது. பஞ்சாயத்து இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தம் கூறுகிறது. ஆகவே 33-பி பிரிவின் பஞ்சாயத்துப் பிரதிநிதிகள் மூவரில் கடல் தொழில் அறிந்த பெண் ஒருவரேனும் இருக்கும்படி செய்வது கடினமன்று.

இரண்டாம் பிரிவினர் முதியோர். 2000 ஆம் ஆண்டில் வடமேற்கு ஹவாய்த் தீவுகளுக்கு ஆலோசனைக் குழு அமைத்த அமெரிக்க ஜனாதிபதியின் ஆணை, ஹவாய்ப் பூர்வகுடியினருக்கு 3 இடங்களை அளித்ததுடன், அம்மூவருள் ஒருவர் அச்சமூகத்தின் மூத்தவராக இருக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டது. நீண்ட காலத்து மாறுதலை நினைவில் வைத்திருப்பவர் அவரே. எந்த மீன் எந்த ஆண்டுக்குப் பின் கரைக்கு வருவது நின்றது, எந்த மணல்திட்டு எப்போது கரைந்தது என்பன போன்ற செய்திகள் கருவிகளின் பதிவுகளில் இல்லாமலிருக்கலாம். முதிய மீனவரின் நினைவில் இருக்கும்.

தேர்வில் கையாளத்தக்க முறை

குழுவை அமைக்கும் அதிகாரம் மாநில அரசாங்கத்துக்கு உரியது. எனினும் பெயர்கள் களத்திலிருந்தே மேலே செல்கின்றன. ஆகவே களப் பணியாளர்கள் கீழ்க்காணும் ஒழுங்கைப் பின்பற்றினால் நற்பயன் விளையும்.

1. பயன்பாட்டுப் பட்டியல் தயாரித்தல். ஓராண்டுக் காலத்தில் அக்கடலில் யார் யார், எந்த மாதங்களில், எந்தப் படகில், எந்த வலையுடன் வருகிறார்கள் என்பதை இறங்குதுறை வாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். வெளி மாவட்டப் படகுகளையும், கூலிக்குச் செல்வோரையும், மீன் விற்போரையும், பாசி, நண்டு, சிப்பி எடுப்போரையும் விடாது சேர்க்க வேண்டும்.

2. இடங்களைப் பங்கிடுதல். விதியால் எவருடைய பிழைப்பு மிகுதியாகப் பாதிக்கப்படுமோ அவர்களுக்கு முதலிடம் அளிக்க வேண்டும். எல்லாப் பிரிவினருக்கும் இடமளிக்க எண்ணிக்கை போதாவிடின், இடம் பெறாதவரை அழைப்பாளராகக் கூட்டத்துக்கு வரவழைக்கலாம்.

3. அறிவித்தல். இடம் இன்னது, கடமை இன்னது, காலம் இவ்வளவு, பயணச் செலவு தரப்படுமா என்பவற்றை உள்ளூர் மொழியில், மீன் ஏலம் நடக்கும் இடத்திலும், ஆலயம், பள்ளிவாசல், மாதாகோயில் முதலியவற்றின் முன்னும் ஒட்ட வேண்டும். எழுதப் படிக்க அறியாதவருக்கு வாயால் சொல்ல வேண்டும். விண்ணப்பப் படிவத்தையே ஒரே வாயிலாக வைத்தல் கூடாது.

4. தொழில் செய்வோரே பெயர் கூறுதல். ஒவ்வொரு பிரிவினரும் தமக்குள் கூடி இருவர் அல்லது மூவர் பெயரைக் கூறட்டும். அலுவலர் தமக்குப் பழக்கமானவரையும், எப்போதும் இசைந்து பேசுபவரையும் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எங்கும் காணப்படுவது. அது கூட்டத்தை எளிதாக்கும், சரணாலயத்தைப் பலவீனமாக்கும். நியாயமான காரணத்துடன் மறுத்துப் பேசுபவர் குழுவுக்கு உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட நன்று.

5. மாற்றுப் பிரதிநிதி. கடலுக்குச் சென்றவர் குறித்த நாளில் திரும்பாமலிருக்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் மாற்றுப் பிரதிநிதி ஒருவரையும் முன்னரே குறித்துவைத்தால் அவ்விடம் வெறுமையாகாது.

6. கூட்டக் காலம். மீன்பிடிப்பு மிகுந்த நாட்களிலும், விடியற்காலை ஏல நேரத்திலும் கூட்டம் வைத்தல் கூடாது. கூலி இழந்து வருபவருக்குப் பயணச் செலவேனும் உடனே அளிக்கப்பட வேண்டும்.

7. திரும்பிச் சொல்லுதல். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் பிரதிநிதி தம் இறங்குதுறைக்குச் சென்று, பேசியவற்றையும் முடிவையும் எடுத்துரைக்க வேண்டும். இதற்கு உதவியாகக் கூட்டக் குறிப்பின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் ஒரு பக்க அளவில் அவரிடம் கொடுத்தனுப்பலாம். அவருடைய யோசனை ஏற்கப்படாவிடின் அதன் காரணத்தையும் அதில் எழுத வேண்டும். காரணம் தெரியாத மறுப்பே பகையை வளர்க்கிறது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது

கரையோரப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் பலர் மீனவக் குடும்பத்தினர். ஆமை ஏன் வலையில் மூச்சுத் திணறுகிறது, மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் கடலுக்கு ஓய்வளித்தால் என்ன நிகழும் என்பவற்றை அவர்களுக்கு விளக்குவது எளிது. அத்துடன் நின்றுவிடாமல், தங்கள் ஊருக்குரிய கடலில் எந்தெந்தத் தொழில்கள் நடைபெறுகின்றன என்று ஒரு வரைபடம் வரையும்படி மேல்வகுப்பு மாணவரைத் தூண்டலாம். வீட்டில் தாத்தாவையும் பாட்டியையும் கேட்டு அவர்கள் நிரப்பும் அவ்வரைபடம் மேலே கூறிய பயன்பாட்டுப் பட்டியலுக்கு நல்ல தொடக்கமாகும். ஆலோசனைக் குழு ஒன்றைப் போல் வகுப்பில் மாணவரை அமர்த்தி, ஒருவரை விசைப்படகு உரிமையாளராகவும், மற்றொருவரைச் சிறு வலைக்காரராகவும், வேறொருவரை மீன் விற்கும் பெண்ணாகவும், இன்னொருவரை விஞ்ஞானியாகவும் பேசச் செய்தால், பிரதிநிதித்துவம் என்பதன் பொருள் பாடநூல் விளக்கத்தைக் காட்டிலும் தெளிவாக விளங்கும். பிற்காலத்தில் இக்குழுக்களில் அமரப்போகிறவர்கள் இப்பிள்ளைகளே.

முடிவுரை

கடற்சரணாலயம் காப்பாற்ற முயல்வது உயிரினங்களை; அதன் விதிகள் முதலில் தொடுவது மனிதரின் அடுப்பை. இவ்விரண்டுக்கும் இடையே அமைந்த பாலமே ஆலோசனைக் குழு. அதில் அமர்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. அவர் யாருடைய இடத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அவருக்கும் அவருடைய மக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அம்மக்கள் அவரைக் கேள்வி கேட்க முடிய வேண்டும். இடத்தை முதலில் வரையறுத்து, உரியவரைக் கொண்டு பெயரைப் பெற்று, பேசியதைக் கரைக்குத் திரும்பக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டையும் செய்துவிட்டால், கடலில் வரைந்த கண்ணுக்குத் தெரியாத அக்கோடு மக்கள் மனத்தில் பதியும். ரோந்துப் படகு இல்லாத இரவிலும் அதனை அவர்களே காப்பர்.